சதுரகிரி மலைப்பாதை

சதுரகிரி மலைப்பாதை என்பது தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள தாணிப்பாறை என்னும் அடிவாரத்திலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் கோயில்களுக்குச் செல்லும் பழமையான நடைவழி ஆகும். இம்மலைக்கு வாகனச் சாலை கிடையாது. காடு, பாறை, ஓடை ஆகியவற்றைக் கடந்து கால்நடையாகவே செல்ல வேண்டும். பெரும்பாலானோர் வழிகாட்டி எவரையும் அமர்த்திக்கொள்ளாமல், முன்பு சென்று வந்தவர்களின் சொல்லையும் வழியிலுள்ள இடப்பெயர்களையும் துணையாகக் கொண்டு நடக்கின்றனர். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று இப்பாதையில் பெருந்திரளான மக்கள் மலையேறுகின்றனர்.

இப்பாதை திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்கு உட்பட்ட காட்டில் அமைந்துள்ளது. எனவே வழிபாட்டுப் பாதையாகவும் காப்புக்காட்டுப் பாதையாகவும் ஒரே நேரத்தில் இது விளங்குகிறது. பாதையில் குறுக்கிடும் ஓடைகளின் திடீர் வெள்ளம் இங்கு நடப்போர் எதிர்கொள்ளும் முதன்மையான இடராகும்.

பெயர்க்காரணம்

'சதுர்' என்னும் வடசொல் நான்கு எனவும், 'கிரி' மலை எனவும் பொருள்படும். கிழக்கே இந்திரகிரி, மேற்கே வருணகிரி, வடக்கே குபேரகிரி, தெற்கே ஏமகிரி என நான்கு திசைகளிலும் மலைகள் சூழ்ந்திருப்பதால் சதுரகிரி எனப் பெயர் பெற்றது என்பது தலபுராண மரபு. நான்கு வேதங்களும் மலைகளாக நின்ற இடம் என்னும் பொருளில் 'சதுர்வேதகிரி' எனவும் கூறுவர். பதினெண் சித்தர்கள் இங்கு வாழ்ந்தனர் என்ற நம்பிக்கையால் இது சித்தர்மலை எனவும் அழைக்கப்படுகிறது. மக்கள் வழக்கில் 'மகாலிங்கம் மலை' என்ற பெயரும் உண்டு.

அமைவிடம்

ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய இரு நகரங்களும் திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் (எண் 744), ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ளன. இரண்டும் விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதையில் அமைந்த தொடர்வண்டி நிலையங்களைக் கொண்டவை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே இதே நெடுஞ்சாலையில் உள்ள கிருஷ்ணன்கோவிலில் இருந்து மேற்காகப் பிரியும் சாலை வத்திராயிருப்பை அடைகிறது. அங்கிருந்து தாணிப்பாறை செல்லலாம். தாணிப்பாறையில் வனத்துறையின் சோதனைச் சாவடி உள்ளது. நடைப்பாதை அங்கிருந்தே தொடங்குகிறது.

நடப்பவர் அறிந்திருக்க வேண்டிய நிருவாகக் கூறு ஒன்று உண்டு. அடிவாரமாகிய தாணிப்பாறை விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. மலைமேல் உள்ள கோயில் மதுரை மாவட்டம், பேரையூர் வட்டம், சாப்டூர் வனப்பகுதியைச் சேர்ந்தது. மலையின் மேற்குப் புறத்தில் உள்ள வருசநாட்டுப் பகுதி தேனி மாவட்டத்துக்கு உட்பட்டது. இவ்வாறு மூன்று மாவட்டங்கள் இம்மலையைச் சூழ்ந்துள்ளன. கோயில்கள் தமிழ்நாடு அரசின் இந்து சமய அறநிலையத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளன. பாதையும் காடும் வனத்துறையின் பொறுப்பில் உள்ளன. ஆகவே மலையேறும் அனுமதி குறித்த அறிவிப்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளின் பெயரில் வெளிவருவது வழக்கம்.

பிற வழிகள்

மதுரை மாவட்டத்தில் சாப்டூர், வாழைத்தோப்பு வழியாகவும், தேனி மாவட்டத்தில் வருசநாடு, உப்புத்துறை வழியாகவும் மலைக்குச் செல்லும் மரபுவழிப் பாதைகள் உள்ளன. மலையைச் சுற்றியுள்ள ஊர்களின் மக்கள் தத்தம் பக்கத்திலிருந்து ஏறிய பாதைகள் இவை. மிகுதியாகப் பயன்படுவதும், சோதனைச் சாவடியும் கண்காணிப்பும் கொண்டதும் தாணிப்பாறைப் பாதையே ஆகும். மற்றவை ஆள் நடமாட்டம் குறைந்த அடர்ந்த காட்டின் ஊடே செல்பவை.

பாதையின் தன்மை

தாணிப்பாறையில் ஆசீர்வாத விநாயகரை வணங்கிவிட்டு மக்கள் மலையேறத் தொடங்குகின்றனர். பாதை நெடுகிலும் ஓடை உடன் வருகிறது. சில இடங்களில் அதனைக் குறுக்கே கடக்கவும் வேண்டியுள்ளது. சில பகுதிகளில் கற்கள் அடுக்கிப் படிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஏனைய பகுதிகள் வேர்களும் உருண்டைக் கற்களும் நிறைந்த ஒற்றையடிப் பாதையாகவோ வெறும் பாறைச் சரிவாகவோ உள்ளன.

இப்பாதையைத் தொலைவைக் கொண்டு அளப்பதைவிட நேரத்தைக் கொண்டு அளப்பதே நடப்போரின் வழக்கம். நடப்பவரின் உடல்நிலையையும் கூட்டத்தையும் பொறுத்து, ஏறுவதற்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகலாம். இறங்குவதற்கு இதைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்றாலும், முழங்கால்களுக்கு இறக்கமே கடினமானது. நடக்க இயலாத முதியோரை 'டோலி' எனப்படும் தூக்கு நாற்காலியில் சுமந்து செல்வோர் உள்ளனர். கோயிலுக்குத் தேவையான பொருட்களும் தலைச்சுமையாகவே கொண்டு செல்லப்பட்டு வந்துள்ளன.

வழிகாட்டும் இடப்பெயர்கள்

வழிகாட்டி இல்லாமல் மக்கள் இப்பாதையில் செல்ல முடிவதற்கு அதன் இடப்பெயர்கள் முக்கியக் காரணமாகும். வாய்மொழியாக வழங்கும் இப்பெயர்கள் நடப்பவருக்கு அடையாளங்களாகவும் எச்சரிக்கைகளாகவும் பயன்படுகின்றன. இவற்றைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

பாறைகள்: வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை ஆகியவை கவனமாகக் கால்வைக்க வேண்டிய இடங்களைக் குறிக்கின்றன. ஈரத்தில் கால் வழுக்கும் சரிவு வழுக்குப்பாறை. பிடித்துக் கடப்பதற்குச் சங்கிலி பொருத்தப்பட்ட இடம் சங்கிலிப்பாறை.

ஊற்றுகள்: குதிரை ஊற்று, அத்தியூற்று, நாவல் ஊற்று போன்றவை நீர் கிடைத்த இடங்கள். அத்தி, நாவல் என்பன ஊற்றின் அருகே நின்ற மரங்களைக் குறிப்பன. மரத்தைக் கண்டால் நீரைக் காணலாம் என்பது இப்பெயர்களில் அடங்கிய செய்தி. நாவல் ஊற்றின் நீருக்கு மருத்துவக் குணம் உண்டு என மக்கள் நம்புகின்றனர்.

கிடைகள்: சின்னப் பசுக்கிடை, பெரிய பசுக்கிடை என இரு இடங்கள் உள்ளன. ஆடுமாடுகளைத் திறந்த வெளியில் இரவில் நிறுத்தி வைக்கும் இடத்துக்குக் 'கிடை' என்று பெயர். மந்தை தங்கும் அளவுக்குச் சமதளமான இடம் என்பதால், நடப்போர் அமர்ந்து இளைப்பாறும் இடங்களாகவும் இவை உள்ளன. மாடு மேய்ப்போர் இம்மலையைப் பயன்படுத்தியதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

காவல் தெய்வங்கள்: பேச்சியம்மன், கருப்பசாமி, வனதுர்க்கை முதலிய தெய்வங்களின் இடங்கள் பாதையில் உள்ளன. பலாமரத்தின் அடியில் உறையும் கருப்பசாமி 'பிலாவடிக் கருப்பர்' எனப்படுகிறார். இவ்விடத்தை அடைந்தால் சுந்தரமகாலிங்கம் கோயில் அருகில் உள்ளது என அறியலாம்.

சித்தர் இடங்கள்: கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் ஆகியவை புராணக் கதைகளுடன் தொடர்புடையவை. சைவ வைணவ வேறுபாடு கொண்ட கணவன் மனைவி இருவருக்கும் இறைவன் ஒருவனே எனக் காட்டுமாறு இரு லிங்கங்கள் தோன்றின என்பது இரட்டை லிங்கத்தின் கதை.

ஓடைகள்: மாங்கனி ஓடை, பிலாவடிக் கருப்பர் கோயில் ஓடை முதலியன. மழைக்காலத்தில் மேலே செல்ல முடியுமா, கீழே இறங்க முடியுமா என்பதை இவையே தீர்மானிக்கின்றன.

கோயில்கள்

சுந்தரமகாலிங்கம் கோயிலின் மூலவர் சற்றுச் சாய்ந்த நிலையில் உள்ள இலிங்கம் ஆவார். இதற்குக் கூறப்படும் கதை பச்சைமால் என்னும் இடையருடன் தொடர்புடையது. பசுவின் பாலைத் துறவி வடிவில் வந்த சிவன் அருந்தியதைக் கண்ட பச்சைமால், அவர் யாரென அறியாமல் கோலால் அடித்தார். பின்னர் இறைவன் அவருக்குக் காட்சியளித்து அங்கேயே இலிங்கமாக அமர்ந்தார் என்பது அக்கதை. மலைப்பாதையில் பசுக்கிடை என்ற பெயர் வழங்குவதையும் இக்கதையையும் இணைத்துப் பார்த்தால், இக்கோயிலின் மரபில் மேய்ச்சல் வாழ்க்கைக்கு உள்ள இடம் விளங்கும்.

சற்று உயரத்தில் சந்தனமகாலிங்கம் கோயில் உள்ளது. பார்வதி சந்தனத்தால் இலிங்கம் செய்து வழிபட்ட இடம் எனக் கருதப்படுகிறது. இதன் அருகே ஆகாய கங்கை எனப்படும் நீர்வீழ்ச்சியும் சட்டைநாதர் குகையும் உள்ளன. இன்னும் மேலே அடர்ந்த காட்டில் தவசிப்பாறை, பெரிய மகாலிங்கம் ஆகிய இடங்கள் உள்ளன.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகா சிவராத்திரி, நவராத்திரி ஆகியவை முக்கிய விழாக்கள். நவராத்திரி ஆனந்தவல்லி அம்மனுக்கு உரியது. முற்காலத்தில் மக்கள் மலைமேல் இரவு தங்கி வழிபட்டனர். அவர்களுக்குக் கஞ்சியும் சோறும் அளித்த அன்னதான மடங்கள் மலையில் இயங்கின. காட்டுப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்ட பின் இரவு தங்குதல் தடை செய்யப்பட்டது.

காடும் உயிரினங்களும்

இம்மலைப்பகுதி 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற மலை அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நரை அணில் எனவும் அழைக்கப்படும் இவ்வணில் இலங்கையிலும் தென்னிந்தியாவின் சில காடுகளிலும் மட்டுமே காணப்படுகிறது. மரத்துக்கு மரம் தாவிச் செல்லும் இவ்வணிலுக்கு, கிளைகள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும் தொடர்ச்சியான மரக்கூரை தேவை. ஓடைக்கரை மரங்கள் அத்தகைய கூரையை அளிக்கின்றன. மலைப்பாதை செல்வதும் ஓடைக்கரை ஒட்டியே என்பதால், நடப்போரும் அணிலும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் இச்சரணாலயமும் தேனி மாவட்டத்தின் மேகமலைச் சரணாலயமும் இணைக்கப்பட்டு, திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் உருவாக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஆகும். யானை, சிறுத்தை, கரடி, காட்டெருமை, வரையாடு முதலியன இக்காடுகளில் வாழ்கின்றன.

மலையடிவாரத்தில் பளியர் எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். தாணிப்பாறை, செண்பகத்தோப்பு, இராசபாளையம் அய்யனார்கோவில் பகுதி ஆகிய இடங்களில் இவர்களின் குடியிருப்புகள் உள்ளன. தேனும் பிற காட்டு விளைபொருட்களும் சேகரிப்பது இவர்களின் மரபுத் தொழில்.

ஓடைகளும் திடீர் வெள்ளமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் உள்ளதால், சதுரகிரிக்குத் தென்மேற்குப் பருவமழை குறைவாகவே கிடைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையும், ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் பெய்யும் இடிமழையும் இங்கு முக்கியமானவை. ஆண்டின் பெரும்பகுதி ஓடைகள் மெலிந்தோ வறண்டோ கிடக்கும். இத்தோற்றமே புதிதாக வருவோரை ஏமாற்றுகிறது.

சரிவு செங்குத்தானது; மண்ணின் ஆழம் குறைவு; பாறைப்பரப்பு அதிகம். எனவே மேலே பெய்யும் மழைநீர் மண்ணில் ஊறித் தங்காமல் விரைவாக ஓடையில் சேர்கிறது. மலையின் மேற்பகுதியில் பலத்த மழை பெய்யும்போது அடிவாரத்தில் வெயில் அடிப்பதும் உண்டு. ஓடையைக் கடந்துகொண்டிருப்பவருக்கு மேலே மழை பெய்வது தெரியாமலேயே நீர்மட்டம் உயர்ந்துவிடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, மேற்புறத்திலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை வெள்ளத்தின் முன் அறிகுறிகள். அந்நேரத்தில் மறுகரையை அடைய முயலாமல் உடனே கரையேறி மேட்டில் நிற்பதே உயிர் காக்கும் வழியாகும். இத்தகைய வெள்ளம் எவ்வளவு விரைவாக ஏறுகிறதோ, மழை நின்றபின் பெரும்பாலும் அவ்வளவு விரைவாக வடிந்தும் விடுகிறது. காத்திருப்பதனால் இழப்பு சில மணி நேரம் மட்டுமே.

2015 மே மாதத்தில், வைகாசி அமாவாசையை ஒட்டி மலைக்கு மக்கள் சென்றிருந்தபோது பெய்த கனமழையால் ஓடைகளில் திடீர் வெள்ளம் ஏற்பட்டது. பக்தர்கள் பலர் உயிரிழந்தனர். ஏராளமானோர் ஓடைகளைக் கடக்க முடியாமல் மலையில் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டனர். அது மழைக்காலம் அன்று, கோடைக்காலம் என்பது குறிப்பிடத்தக்கது. சதுரகிரி மலைப்பாதையின் அண்மைக்கால வரலாற்றில் இந்நிகழ்வு ஒரு திருப்புமுனையாகும்.

கட்டுப்பாடுகள்

2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் மலையேற்றம் ஒழுங்குபடுத்தப்பட்டது. அமாவாசையை ஒட்டி நான்கு நாட்கள், பௌர்ணமியை ஒட்டி நான்கு நாட்கள் என மாதத்தில் எட்டு நாட்கள் மட்டும் அனுமதிக்கும் முறை பல ஆண்டுகள் பின்பற்றப்பட்டது. பிரதோச நாளில் தொடங்கி இந்நான்கு நாட்களும் கணக்கிடப்பட்டன. அனுமதி நாட்களும் நேரங்களும் நீதிமன்ற உத்தரவுகளையும் அரசு அறிவிப்புகளையும் ஒட்டி அவ்வப்போது மாற்றப்பட்டுள்ளன. மழை எச்சரிக்கை, காட்டுத்தீ, ஓடைகளில் நீர்வரத்து ஆகிய காரணங்களால் அனுமதி நாட்களிலும் தடை விதிக்கப்படுவது உண்டு. பாலித்தீன் பைகளும் எளிதில் தீப்பற்றும் பொருட்களும் சோதனைச் சாவடியில் தடுக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் காட்டு நடைப்பயணம் பற்றிய பொதுவான விதிகளும் இக்காலத்தில் கடுமையாயின. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் பலர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களைக் கொண்ட மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தில் முன்பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். சதுரகிரி போன்ற வழிபாட்டுப் பாதைகளில் வழிகாட்டி கட்டாயம் இல்லாததால், சோதனைச் சாவடி, நேரக் கட்டுப்பாடு, ஓடைக் கண்காணிப்பு ஆகியவையே அவ்விடத்தை நிரப்புகின்றன.

இக்கட்டுப்பாடுகள் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. தலைமுறை தலைமுறையாக மக்கள் தடையின்றிச் சென்ற வழிபாட்டிடத்தை நாள்களால் வரையறுப்பது முறையன்று என்பது ஒரு கருத்து. எல்லா நாட்களிலும் திறந்துவிட்டால் காட்டுயிர்களுக்கும் நடப்போருக்கும் தீங்கு நேரும் என்பது மற்றொரு கருத்து. நாட்களைக் குறைக்கும்போது கூட்டம் அந்நாட்களில் நெருக்கமாகச் சேர்கிறது என்பதும், குறுகிய பாதையில் அந்நெருக்கமே ஓர் இடராக மாறலாம் என்பதும் இவ்விவாதத்தில் கருதத்தக்கவை.

பிற நாடுகளின் நடைவழிகளுடன் ஒப்பீடு

வழிகாட்டி இன்றித் தாமே நடந்து செல்லும் நெடும்பாதைகள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. எசுப்பானியாவில் சந்தியாகோ நகருக்குச் செல்லும் கிறித்தவ யாத்திரைப் பாதை 1993ஆம் ஆண்டிலும், சப்பானின் கீ மலைத்தொடரில் உள்ள குமானோ யாத்திரைப் பாதைகள் 2004ஆம் ஆண்டிலும் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைப் பாதை ஏறத்தாழ 1,014 கி.மீ. நீளம் கொண்டது. அப்பாதைகளில் மஞ்சள் அம்புக்குறி, எண்ணிட்ட கம்பம், அச்சிட்ட வரைபடம் ஆகியவை வழிகாட்டுகின்றன. சதுரகிரியில் அப்பணியை நெடுங்காலமாகச் செய்து வருபவை வாய்மொழியாக வழங்கும் இடப்பெயர்கள். ஆனால் ஓடையின் அன்றைய நிலையை எந்தப் பெயரும் சொல்வதில்லை. அதனை அறிய அன்றைய அறிவிப்பையும் சாவடியில் உள்ளோரின் சொல்லையும் கேட்க வேண்டியுள்ளது.

நடப்போர் கவனிக்க வேண்டியவை

• அனுமதி நாளையும் நேரத்தையும் புறப்படும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும்.
• காலையில் விரைவில் ஏறத் தொடங்கி, மாலைக்குள் அடிவாரம் திரும்ப வேண்டும். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்வதால் இது முக்கியம்.
• ஓடையின் நடுவிலோ படுகையிலோ அமர்ந்து உண்பதையும் ஓய்வெடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.
• இதய நோய், மூச்சிரைப்பு உள்ளோர் மருத்துவரின் கருத்தைப் பெற்ற பின்னரே செல்ல வேண்டும்.
• கொண்டு சென்ற பொருட்களின் கழிவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.
• பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் செல்லக் கூடாது.

அருகிலுள்ள பிற நடைவழிகள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பிலிருந்து காட்டழகர் கோயிலுக்குச் செல்லும் பாதையும், இராசபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள அய்யனார் கோவிலுக்குச் செல்லும் வழியும் இதே காட்டைச் சேர்ந்தவை. இவையும் ஓடைகளைச் சார்ந்தவை. மழையின்போது இங்கும் திடீர் நீர்வரத்து ஏற்படுவது உண்டு. சதுரகிரி ஓடைகளைப் பற்றி மேலே கூறப்பட்டவை இவ்விரு வழிகளுக்கும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்கவும்

• வத்திராயிருப்பு
• ஸ்ரீவில்லிபுத்தூர்
• இராசபாளையம்
• திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம்
• சாம்பல் நிற மலை அணில்
• பளியர்
• வெள்ளியங்கிரி மலை